எந்தப் பிரதி மெய்ப்பிரதி?

கோயம்புத்தூரில் தயாராகும் ஒரு மோட்டார் பம்பு, ஒரே கூரையின் கீழே முழுமை பெறுவது அபூர்வம். அதன் உடல் ஒரு பவுண்டரியில் உருக்கி வார்க்கப்படுகிறது. அந்த வார்ப்பைக் கடைசல் பிடிப்பது கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ உள்ள ஒரு லேத் பட்டறை. ஷாப்ட் வேறோரிடத்தில் உருவாகிறது. ஸ்டேட்டருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை இன்னொரு வீதியில் நடைபெறுகிறது. இவையனைத்தும் கடைசியில் ஒரு தொழிற்சாலையின் அசெம்பிளி மேஜையில் ஒன்றுசேர்ந்து, சோதனைத் தொட்டியில் தண்ணீர் இறைத்துத் தம் தகுதியை நிரூபித்த பிறகே பம்பு என்ற பெயரோடு சந்தைக்குப் புறப்படுகின்றன. திருப்பூரின் பனியனும் இவ்விதமே நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று பல வாசல்களை ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஜாப் ஒர்க் பில் போடப்பட்டு, பெட்டியில் அடங்குகிறது.

கொங்கு நாட்டின் தொழில் இவ்வாறு பல கைகளில் பகிர்ந்து கிடப்பதற்குச் சரித்திர காரணம் உண்டு. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற தொழிலதிபரின் முயற்சியால் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் தோன்றியது. 1932-இல் பைக்காராவின் வெள்ளம் மின்சாரமாக மாறி நீலகிரியிலிருந்து சமவெளிக்கு இறங்கி வந்தது. அதன் பின்னர் நூற்பாலைகள் பெருகின, ஆலைகளுக்கு உதிரிப் பாகங்களும் ஆழ்ந்த கிணறுகளுக்கு இறைப்பு யந்திரங்களும் தேவைப்பட்டன. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கிக் காட்டினார்கள். பெரிய ஆலையொன்றில் பிட்டராக வேலை கற்றவர் வெளியே வந்து ஒரு லேத் போட்டுச் சுயமாகத் தொழில் நடத்துவதும், அவரிடம் கற்றவர் அடுத்த வீதியில் மற்றொரு லேத் போடுவதும் இந்த ஊரின் வழக்கமாயிற்று. உழைப்பும் முதலும் பலரிடம் பரவியிருப்பதே இவ்வூரின் பலம் என்று நான் கருதுகிறேன். ஆனால் பலர் சேர்ந்து ஒரு பொருளைச் செய்யும்போது, அத்தனை பேரும் மனத்தில் ஒரே உருவத்தைக் கொண்டு வேலை செய்தாக வேண்டும். அவ்வுருவத்தைத் தாங்கி நிற்கும் வஸ்து டிராயிங்.

ஒரு டிராயிங்கின் வலது கீழ் மூலையில் கட்டம் கட்டிய சிறு பகுதி ஒன்றிருக்கும். பாகத்தின் பெயர், டிராயிங் எண், உலோகம், வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர் என்ற விவரங்களோடு, 'ரெவ்' (ரிவிஷன், அதாவது திருத்தம்) என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்ணும் அதில் காணப்படும். அந்த ஓர் எண்ணில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் இம்பெல்லரின் விட்டம் 138 மில்லிமீட்டராக இருந்தது. நீர் இன்னும் சற்று உயரம் ஏற வேண்டுமென்று கருதி, வடிவமைப்பாளர் அதை 142 ஆக்கி, ரெவ் 2 என்றிருந்ததை ரெவ் 3 என்று மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். பம்பு விதிகளின்படி, நீர் ஏறும் உயரம் ஏறத்தாழ விட்டத்தின் வர்க்கத்தை ஒட்டியும், மோட்டார் உண்ணும் சக்தி ஏறத்தாழ விட்டத்தின் கனத்தை ஒட்டியும் மாறும். ஆகவே, ரெவ் 2-ஐ வைத்துக்கொண்டு ஒரு பட்டறை 138-க்குக் கடைந்து கொடுத்துவிட்டால், உத்தேசித்த உயரத்தில் சுமார் ஐந்தரைச் சதவீதம் குறைந்துபோகும். கடைந்தெடுத்த உலோகம் மீண்டும் ஒட்டாது. அந்த லாட் முழுவதும் ஸ்கிராப் விலைக்குத்தான் போகும். இதில் கடைசல்காரருடைய திறமையில் பழுதில்லை. அவர் தம்மிடம் வந்த டிராயிங்குக்கு அணுவளவும் பிசகாமல் வேலை செய்திருக்கிறார். வந்த டிராயிங் பழையது.

காகிதத்தின் காலத்தில் இவ்விபத்தைத் தடுக்க ஒரு கிரமம் இருந்தது. டிரேசிங் தாளில் வரைந்த மூலம் டிராயிங் ஆபீஸின் இழுப்பறையில் பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து எடுக்கப்பட்ட புளூபிரிண்டுகள் இத்தனை, இன்னின்னாரிடம் உள்ளவை என்று ஒரு ரிஜிஸ்டரில் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் மீதும் 'கன்ட்ரோல்டு காப்பி' என்ற முத்திரை விழுந்திருக்கும். புதிய ரெவ் வெளிவந்ததும், பழைய பிரதியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். பிரதி எடுப்பதற்குச் செலவும் உழைப்பும் வேண்டியிருந்தமையால், பிரதிகள் எண்ணப்பட்டன. கம்ப்யூட்டர் வந்ததும் பிரதியெடுப்பதற்கான செலவு பூஜ்யமாயிற்று. பிரதிகளை எண்ணும் வழக்கமும் அத்துடன் மறைந்தது. பென்டிரைவில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று, சூப்பர்வைசரின் மேஜைக் கம்ப்யூட்டரில் 'பைனல்', 'பைனல் நியூ', 'பைனல் கரெக்டட்' என்று மூன்று. இவற்றுள் எது மெய்ப்பிரதி என்று கேட்டால், அறிந்தவர் விடுப்பில் இருப்பார்.

மேகச் சேமிப்பு என்று இன்று வழங்கும் ஏற்பாட்டை, இடவசதிக்காக ஏற்பட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். தொழிலகத்தில் அதன் முதன்மையான பிரயோஜனம் அதுவன்று. எல்லோருக்கும் பொதுவான ஒரே பிரதி ஒன்றுண்டு, அதன் இன்றைய நிலை இது, நேற்றைய நிலை அது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடிய ஓர் ஆதாரத்தை அது ஏற்படுத்திக் கொடுக்கிறது. காகிதக் காலத்து ரிஜிஸ்டர் செய்த வேலையை, பிரதிகளை எண்ண முடியாத ஒரு காலத்தில் அது மீட்டுக் கொடுக்கிறது. இதில் விஞ்ஞான ரீதியாக வியப்புக்குரிய விஷயம் என்னவென்றால், எல்லோருக்கும் ஒன்றாகத் தோன்றும் அந்தப் பிரதி எந்த ஓரிடத்திலும் ஒன்றாக இல்லை. அது உடைக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, பல டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கிறது. ஒருமையைக் காப்பதற்குச் சிதைவே உபாயமாகிறது. அது எங்ஙனம் என்பதை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

அமேசான் நிறுவனம் தன் எஸ்3 சேமிப்புச் சேவையை 2006 மார்ச்சில் தொடங்கியது. ட்ரூ ஹூஸ்டனும் அராஷ் ஃபெர்தோசியும் 2007-இல் நிறுவிய டிராப்பாக்ஸ், மறு ஆண்டு பொதுமக்களின் உபயோகத்துக்கு வந்தது. கூகிள் டிரைவ் 2012 ஏப்ரலில் வந்தது. தமிழ்நாட்டில் வேரூன்றி 1996 முதல் வளர்ந்த ஜோஹோ நிறுவனம், அலுவலகக் குழுக்களுக்கென்று ஒர்க்டிரைவ் என்ற சேவையை நடத்துகிறது. அதன் இந்தியத் தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் உள்ளன. பெயர்கள் பலவாயினும் உள்ளே நடைபெறும் காரியம் பெரும்பாலும் ஒன்றே. பட்டறையில் இருப்பவர்கள் இவற்றுள் எதையும் 'டிரைவ்' என்றே சொல்லிவிடுகிறார்கள்.

பீளமேட்டிலுள்ள ஒரு வடிவமைப்பாளர், 100 எம்பி அளவுள்ள ஒரு பம்பு மாடலைப் பொது ஃபோல்டரில் சேர்க்கிறார் என்று கொள்வோம். அவருடைய கம்ப்யூட்டரிலுள்ள செயலி முதலில் அக்கோப்பைத் துண்டுகளாக வெட்டுகிறது. டிராப்பாக்ஸ் கையாளும் துண்டின் அளவு 4 எம்பி. ஆகவே இங்கே 25 துண்டுகள். பிறகு ஒவ்வொரு துண்டையும் ஒரு கணித யந்திரத்தின் வழியே செலுத்தி, அதற்கென்று ஒரு முத்திரையைக் கணிக்கிறது. எஸ்எச்ஏ-256 என்று பெயர் பெற்ற அம்முறையில், துண்டு எவ்வளவு பெரிதாயினும் முத்திரை 64 எழுத்துகளில் அடங்கிவிடும். துண்டில் ஒரேயொரு புள்ளி மாறினாலும் முத்திரை முழுவதும் அடையாளம் தெரியாதபடி மாறிப்போகும். ஆனால் அதே துண்டை எந்தக் கம்ப்யூட்டரில், எந்தத் தேதியில் கணித்தாலும், அதே முத்திரைதான் கிடைக்கும். சாத்தியமான முத்திரைகளின் மொத்தத் தொகை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஆதலால் இரு வேறு துண்டுகளுக்கு ஒரே முத்திரை தற்செயலாக அமைந்துவிடுமோ என்ற அச்சம் நடைமுறையில் எழ இடமில்லை.

செயலி அடுத்ததாக, இந்த 25 முத்திரைகளையும் மையத்துக்கு அனுப்பி, இவற்றுள் உன்னிடம் இல்லாதவை எவை என்று கேட்கிறது. இல்லாத துண்டுகள் மட்டுமே பிரயாணம் செய்கின்றன. வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள ஓர் இணைப்பில் முழுக் கோப்பும் போய்ச்சேர 80 வினாடி வேண்டும். மறுநாள் ஒரே துண்டு மாறியிருந்தால், மூன்றே கால் வினாடிக்குள் காரியம் முடிந்துவிடும்.

கூரிய வாசகர் இங்கே ஓர் ஆட்சேபணையை எழுப்பலாம். கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைப் புதிதாகச் செருகினால், அதற்குப் பின்னுள்ளவை யாவும் ஓரிடம் தள்ளிப்போகுமே. அப்பொழுது எல்லாத் துண்டுகளின் எல்லைகளும் பிசகி, எல்லா முத்திரைகளும் மாறிவிடாவா? நியாயமான ஆட்சேபணைதான். இதற்கு 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் ஆர்சிங்க் என்ற செயலியின் மூலம் ஓர் அழகான விடை கண்டார்கள். எல்லைகளை நிலையாக வைக்காமல், குறிப்பிட்ட அகலமுள்ள ஒரு சாளரத்தைக் கோப்பின் மீது ஓரெழுத்து ஓரெழுத்தாக நகர்த்திக்கொண்டே போவது. ஒவ்வொரு நிலையிலும், விட்டுப்போன எழுத்தைக் கழித்து, புதிதாக நுழைந்த எழுத்தைக் கூட்டி, ஓர் எளிய கூட்டுத்தொகையைப் புதுப்பித்துக்கொள்வது. அத்தொகை பழைய துண்டு ஒன்றின் தொகையோடு ஒத்துவருமிடத்தில் மட்டும் கடுமையான முத்திரையைக் கணித்து உறுதிசெய்வது. இவ்வுபாயத்தால், இடம் பெயர்ந்த துண்டும் தன் பழைய உருவில் அடையாளம் காணப்படுகிறது. ஆனால் உள்ளடக்கத்தைச் சுருக்கி வைக்கும் கோப்பு வகைகளில், சிறு மாறுதலும் கோப்பு நெடுகிலும் பரவிவிடுவதால், இவ்வுபாயத்தின் பயன் குறைவு. சில கேட் (கம்ப்யூட்டர் வரைவு) கோப்புகள் ஒரு கோடு மாறியதற்கும் முழுவதுமாக மேலேறுவதற்குக் காரணம் இதுவே.

மையத்தை அடைந்த துண்டுக்கு அடுத்த ஆபத்து டிஸ்க். சுழலும் டிஸ்க் எதுவாயினும் ஒருநாள் நிற்கும்; ஆயிரக்கணக்கான டிஸ்க்குகள் சுழலும் ஒரு தரவு மையத்தில், ஒன்று நிற்பது அன்றாட நிகழ்ச்சி. 2003-இல் கூகிள் தன் கோப்பு முறையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள் வைப்பது என்ற ஏற்பாட்டை விவரித்தது. இரண்டு அழிந்தாலும் மூன்றாவது எஞ்சும். ஆனால் 1 டெராபைட்டைக் காக்க 3 டெராபைட் இடம் வேண்டும். இந்தச் செலவைக் குறைக்கும் வழி ஒரு பழைய கணிதத்தில் இருந்தது. 1960-இல் எம்ஐடியின் லிங்கன் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த இர்விங் ரீடும் குஸ்டவ் சாலமனும் ஐந்தே பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரத்தை, பள்ளிக்கூடத்தில் வரைபடத்தாளில் நேர்கோடு வரைந்தவர் எவரும் அறிந்துகொள்ளலாம்.

இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டை நிர்ணயிக்கின்றன. நாம் காக்க வேண்டிய எண்கள் 3, 5 என்று கொள்வோம். பூஜ்யமாம் இடத்தில் 3, முதலாம் இடத்தில் 5 என்று குறித்து, அவ்விரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்து, அக்கோட்டை நீட்டினால், இரண்டாம் இடத்தில் 7-உம் மூன்றாம் இடத்தில் 9-உம் கிடைக்கும். இந்த நான்கு எண்களையும் நான்கு தனித்தனி டிஸ்க்குகளில் வைத்துவிடுவோம். இப்பொழுது மூலமான 3, 5 இரண்டுமே அழிந்து, 7-உம் 9-உம் மட்டும் எஞ்சியிருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். இடத்துக்கு இரண்டாகக் குறைந்துகொண்டு வரும் கோடு என்பது இவ்விரண்டிலிருந்தே தெரிகிறது. பின்னோக்கி இழுத்தால் 5, அதற்கும் பின்னே 3. மூல எண் ஒன்றும் மிஞ்சாத நிலையிலும் மூலம் முழுவதும் மீண்டுவிட்டது! நான்கில் எந்த இரண்டு எஞ்சினாலும் இது சாத்தியம். நேர்கோட்டுக்குப் பதிலாக, பத்துப் புள்ளிகளால் நிர்ணயமாகும் ஒரு வளைகோட்டை எடுத்துக்கொண்டு, அதில் பதினான்கு புள்ளிகளைக் குறித்து வைத்தால், பதினான்கில் எந்த நான்கு நாசமானாலும் எஞ்சிய பத்து போதும். பேஸ்புக் நிறுவனம் தன் புகைப்படக் கிடங்கில் கையாண்டதாக 2014-இல் விவரித்த முறை இதுவே. மூன்று பிரதிகள் இரண்டு இழப்புகளைத் தாங்க 200 சதவீதம் மிகை இடம் கேட்டன. பதினான்கு புள்ளிகள் நான்கு இழப்புகளைத் தாங்க 40 சதவீதமே கேட்கின்றன. யந்திரம் கையாளும் எண்கள் நம் சாதாரண எண்கள் அல்ல. கூட்டினாலும் பெருக்கினாலும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள்ளேயே திரும்பி வரும் ஒரு முடிவுள்ள எண்கணத்தைச் சேர்ந்தவை. ஆயினும் தத்துவத்தில் மாறுபாடில்லை.

காந்திபுரத்துத் தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் பணம் செலுத்தும் க்யூஆர் அட்டையை வாசகர் கவனித்திருப்பார். ஓரம் கிழிந்து, தேநீர்க் கறை படிந்த பின்னும், அது பணம் சேர வேண்டிய முகவரியைப் பிழையின்றிச் சொல்வது இதே ரீட்–சாலமன் கணிதத்தின் வலிமையால்தான். அதன் உச்ச நிலையில், சுமார் 30 சதவீதம் சேதமானாலும் அது படிக்கப்படும். யுரேனஸையும் நெப்டியூனையும் கடந்து சென்ற வாயேஜர் 2 அனுப்பிய படங்களைக் காத்ததும், 1982-இல் வந்த சிடி இசைத்தட்டின் கீறல்களைச் சமாளித்ததும் இதுவே. மனித குலத்தின் ஞாபகத்துக்கு இவ்வளவு உபகாரம் செய்த கணிதக் கட்டுரைகள் மிகச் சில.

இவ்வாறு துண்டுகள் பத்திரமாயிருக்க, கோப்பு என்பது என்னவாயிற்று? அது இப்பொழுது ஒரு பட்டியல்: இன்ன பெயருடைய கோப்பின் இன்ன பதிப்பு, இன்னின்ன முத்திரைகளை இந்த வரிசையில் கோத்தால் கிடைக்கும் என்ற பட்டியல். ரெவ் 3 சேர்க்கப்பட்டதும் ரெவ் 2-இன் பட்டியலை அழிப்பதில்லை. அதன் மேல் இன்னொரு பட்டியல் எழுதப்படுகிறது. இரண்டுக்கும் பொதுவான துண்டுகள் ஒருமுறைதான் சேமிக்கப்பட்டிருப்பதால், பழையதை வைத்திருக்கும் செலவு அற்பம். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினார் என்பதும் பட்டியலோடு பதிவாகிவிடுகிறது. காகிதக் காலத்து ரிஜிஸ்டர் இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறது. அதைவிட நேர்மையான ரிஜிஸ்டர், ஏனெனில் மாற்றியவரே மறந்தாலும் அது மறப்பதில்லை. கடைசல் பட்டறைக்கு டிராயிங்கையே அனுப்பாமல், டிராயிங் இருக்கும் இடத்தின் இணைப்பை மட்டும் அனுப்பினால், அவர் அதை எந்த நாளில் திறந்தாலும் அன்றைய பட்டியலே அவருக்குத் தென்படும். 138-க்குக் கடையும் விபத்தைத் தடுப்பது இந்த ஒரு மாற்றமே. இணைப்பைப் பெற்றவர் அதை இறக்கி, பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டால், பழைய வியாதி மறுபடியும் தொடங்கிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் என்னாகும் என்ற கேள்வி, கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் ஆழமான கேள்விகளுள் ஒன்று. கோயம்புத்தூர் அலுவலகத்தில் ஒருவரும், இணைப்பில்லாத ஒரு தோட்டத்துப் பம்பு செட்டில் மடிக்கணினியோடு அமர்ந்திருக்கும் சர்வீஸ் எஞ்ஜினீயர் ஒருவரும் தனித்தனியே திருத்துகிறார்கள். பின்னவர் மாலையில் ஊர் திரும்பி இணைகிறார். இரண்டில் எது பிந்தியது? கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இரு கம்ப்யூட்டர்களின் கடிகாரங்களும் ஒத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒத்திருந்தாலும், பிந்தியவர் முந்தியவருடைய திருத்தத்தைப் பார்த்துவிட்டுத் திருத்தினாரா, பார்க்காமலே திருத்தினாரா என்பதைக் கடிகாரம் சொல்லாது. 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் தம் புகழ்பெற்ற கட்டுரையில் காட்டிய உண்மை இதுவே: பல இடங்களில் இயங்கும் ஓர் அமைப்பில், ஒரு நிகழ்ச்சி மற்றொன்றுக்குக் காரணமாயிருந்திருக்கக்கூடுமா என்பதைக் கொண்டுதான் முன்பின் நிர்ணயிக்க வேண்டும், ஒன்றையொன்று அறியாத இரு நிகழ்ச்சிகளுள் முந்தியது எது என்ற கேள்விக்கே பொருளில்லை. ஆகையால் சேமிப்புச் செயலி, ஒவ்வொரு திருத்தமும் எந்தப் பதிப்பின் மேல் செய்யப்பட்டது என்று குறித்துக்கொள்கிறது. இருவரும் ரெவ் 2-இன் மேலேயே திருத்தியிருந்தால், தானாக ஒருவரைத் தேர்ந்து மற்றவரை அழித்துவிடாமல், இரண்டையும் வைத்து, ஒன்றின் பெயரோடு 'முரண்பட்ட பிரதி' என்று சேர்த்துவிடுகிறது. அதைக் கண்டு எரிச்சலடைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஒரு நாள் உழைப்பைக் காப்பாற்றியது அந்த எரிச்சலூட்டும் பிரதிதான்.

எழுத்துக் கோப்புகளிலும் கணக்குத் தாள்களிலும் இந்த முரண்பாட்டை மேலும் நுட்பமாகத் தீர்க்கலாம். ஒருவர் மூன்றாம் வரியிலும் மற்றவர் முப்பதாம் வரியிலும் எழுதினால், இருவர் எழுத்தையும் இடமறிந்து கோத்துவிடும் முறைகள் 1989-இல் எல்லிஸும் கிப்ஸும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்துவந்தன. திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசரும் கட்டிங் மாஸ்டரும் ஒரே ஆர்டர் ஷீட்டில், ஒருவர் நிறத்தையும் மற்றவர் அளவு வாரியான பீஸ் எண்ணிக்கையையும் ஒரே சமயத்தில் நிரப்புவது இதனால்தான் இயலுகிறது. டிராயிங்கில் இது நடவாது. விட்டத்தை ஒருவரும் பிளேடின் கோணத்தை மற்றவரும் மாற்றினால், இரண்டையும் கோத்துக் கிடைக்கும் இம்பெல்லரை எந்த எஞ்ஜினீயரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஆகவே இங்கே பூட்டு முறைதான் பொருந்தும். பங்காளிகளின் கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நம் குடியானவர்களின் வழக்கத்தைப் போல, ஒருவர் கோப்பைத் தம் முறைக்கு எடுத்துக்கொண்டால், அவர் திருப்பி விடும்வரை மற்றவர்கள் பார்க்கலாமேயன்றித் திருத்தலாகாது.

இதுவரை சொன்னவை இந்த ஏற்பாட்டின் பெருமைகள். இனி, இதன் மீது வைக்கத் தகாத நம்பிக்கை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த அத்தியாயத்தில் வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், அது இதுவாக இருக்கட்டும் என்று விரும்புகிறேன். தன் எஸ்3 சேவையில் ஒரு கோடி பொருள்களை வைத்தால், சராசரியாக 10,000 ஆண்டுகளுக்கு ஒரு பொருள்தான் தொலையக்கூடும் என்ற வகையில் அது வடிவமைக்கப்பட்டிருப்பதாக அமேசான் சொல்கிறது. டிஸ்க்குகளின் சாவைப் பொறுத்தவரை இக்கணக்கு நம்பத்தக்கதே. ஆனால் ஒருவர் தம் கையாலேயே ஒரு ஃபோல்டரை அழித்தால், அது அக்கணக்கில் சேர்ந்ததன்று. ஏவலைப் பிழையின்றி நிறைவேற்றுவதே யந்திரத்தின் தர்மம். சேர்த்தது எவ்வளவு விரைவாக எல்லாக் கம்ப்யூட்டர்களையும் சென்றடைந்ததோ, அழித்ததும் அவ்வளவு விரைவாகவே சென்றடையும். ஒரு கம்ப்யூட்டரில் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டி, பணம் கேட்கும் ரான்சம்வேர் நச்சுநிரலுக்கும் இதே நியாயம் பொருந்தும். பூட்டப்பட்ட பிரதிகளும் புதிய பதிப்புகளாகக் கருதப்பட்டு மேலேறிவிடும். பழைய பதிப்புகளின் பட்டியல் அப்பொழுது கைகொடுக்கும். ஆனால் அதற்கும் காலவரம்பு உண்டு. கூகிள் டிரைவின் குப்பைத் தொட்டியில் விழுந்தது, 30 நாள்களுக்குப் பின் தானாகவே அழிந்துவிடும். ஆடிட்டர் பிற்பாடு வந்து கேட்கும் பில், சித்திரை மாதம் அழிக்கப்பட்டிருந்தால், ஐப்பசியில் தேடிப் பயனில்லை.

கட்டடத்துக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி, தென் கொரியாவின் டேஜான் நகரிலுள்ள தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பற்றின. அரசு ஊழியர்கள் தம் அலுவலகக் கோப்புகளைச் சேமிப்பதற்காக ஒவ்வொருவருக்கும் 30 ஜிபி வீதம் வழங்கப்பட்டிருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அந்தத் தீயில் அழிந்தது. அழிந்த தொகை 858 டெராபைட். அளவு மிகப் பெரிதாயிருந்தமையால், அதற்கு வெளியிடத்தில் மாற்றுப் பிரதி வைக்கப்படவில்லை என்று அந்நாட்டு அதிகாரிகள் தெரிவித்தார்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் வைக்காதே, பொது டிரைவிலேயே வை என்ற உத்தரவைச் சிரமேற்கொண்டு நடந்த ஊழியர்களே அதிகம் இழந்தார்கள் என்பது நெஞ்சை உறுத்துகிறது. தொழில்நுட்பத்தில் நம்மினும் பன்மடங்கு முன்னேறிய ஒரு நாட்டில் இது நடந்தது என்பதைக் கொங்கு நாட்டு முதலாளிகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

சிங்க் என்பது வேறு, பேக்கப் என்பது வேறு. முன்னது எல்லா இடங்களையும் ஒரே நிலையில் வைக்கிறது; பின்னது வேண்டுமென்றே ஒரு பழைய நிலையை, முன்னதன் கை எட்டாத இடத்தில் வைக்கிறது. பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய 3-2-1 என்ற நியமம், பெரிய ஸ்தாபனங்களுக்கும் சிறிய பட்டறைக்கும் ஒருங்கே பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு இதற்காகும் செலவு பெரிதன்று. டிரைவ் ஒரு பிரதி. அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி. வாரம் ஒருமுறை நகலெடுத்து, நகலெடுத்தவுடன் கம்பியைக் கழற்றி, திருச்சியிலோ மதுரையிலோ உள்ள உறவினர் வீட்டு அலமாரியில் வைக்கப்படும் ஒரு ஹார்ட் டிஸ்க் மூன்றாவது. கம்பியைக் கழற்றிவிட்ட டிஸ்க்கை எந்த நச்சுநிரலும் தொட முடியாது. கம்பெனிகளைப் பொறுத்தவரை சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது: மின்னணு முறையில் வைக்கப்படும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவில் அமைந்த சர்வரில் தினந்தோறும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022-இல் திருத்தப்பட்ட கம்பெனிகள் கணக்கு விதி கட்டளையிடுகிறது. சேவையைத் தேர்ந்தெடுக்குமுன், தரவு எந்த நாட்டில் தங்குகிறது என்று விசாரிக்க வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும்.

கணிதத்தால் தீராத பிரச்சினை ஒன்று எஞ்சியிருக்கிறது, அது உடைமை. சிறிய நிறுவனங்களில் பெரும்பாலும் முதன்முதலில் டிரைவை அறிமுகப்படுத்துபவர், அக்கறையுள்ள ஓர் இளம் ஊழியர். தம் சொந்த ஜிமெயில் கணக்கிலேயே ஃபோல்டரைத் திறந்து, எல்லோரையும் சேர்த்து, நான்கு ஆண்டுகள் அருமையாக நடத்துவார். யந்திரத்தின் கண்ணுக்கு அந்த டிராயிங்குகளின் உடைமையாளர் அவர்தான்; கம்பெனியன்று. அவர் வேறு வேலைக்குப் போய், தம் கணக்கை மூடினால், கோப்புகளும் அவரோடு போகும். இதில் அவர்மீது குற்றமும் இல்லை. 2017-இல் கூகிள் கொண்டுவந்த குழு டிரைவ்களும், ஒர்க்டிரைவின் டீம் ஃபோல்டர்களும் இக்குறையைப் போக்க ஏற்பட்டவை. அவற்றில் கோப்பு ஸ்தாபனத்துக்குச் சொந்தம், மனிதர்கள் வருவார்கள் போவார்கள். அதேபோல, 'இணைப்பை உடையவர் எவரும் பார்க்கலாம்' என்ற அனுமதி மிகவும் சௌகரியமானது. ஆனால் அந்த இணைப்பு வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிப் போட்டியாளரிடம் போனாலும் அதே விசுவாசத்தோடு திறக்கும். ஜாப் ஒர்க் பட்டறைக்குப் பெயர் குறித்து, பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்து, அந்த ஆர்டர் முடிந்ததும் உரிமையை நீக்கிவிடுவது, பழைய ரிஜிஸ்டரில் பிரதி திரும்பப் பெறப்பட்டது என்று குறிப்பதற்குச் சமானமான காரியம். இதைச் செய்ய ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும்; அந்தப் பொறுப்பைச் செயலி ஏற்றுக்கொள்ளாது.

மாதத்தில் ஒரு நாள் அப்பொறுப்பாளர் செய்ய வேண்டிய பரீட்சை ஒன்றுண்டு. பேக்கப் டிஸ்க்கைக் கொணர்ந்து, அதிலிருந்து ஏதேனும் ஒரு டிராயிங்கை வெறும் ஃபோல்டர் ஒன்றில் மீட்டெடுக்க வேண்டும். பிறகு டிரைவிலுள்ள அதே டிராயிங்கின் அதே ரெவ்வையும் இறக்கி, இரண்டுக்கும் எஸ்எச்ஏ-256 முத்திரையைக் கணிக்க வேண்டும்; விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இதற்கான கருவி உள்ளடங்கியே வருகிறது, தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. திரையில் 64 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிசைகள் தோன்றும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால், டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால், பழுது டிஸ்க்கிலா, நகலெடுத்த முறையிலா, ரெவ்வை மாற்றாமலே யாராவது டிராயிங்கைத் திருத்தியிருக்கிறார்களா என்று அன்றைக்கே விசாரித்தறிய வேண்டும். அதுவரை அந்த டிராயிங்கைக் கொண்டு எந்தப் பட்டறையிலும் லேத் ஓடக்கூடாது.